டெல் போட்ரோவின் மணிக்கட்டு: நான்கு அறுவை சிகிச்சைகள் ஏன், பிறகு எப்படி ஆடினார்?

கேள்வி இது: அர்ஜென்டினா டென்னிஸ் வீரர் ஹுவான் மார்ட்டின் டெல் போட்ரோவுக்கு மணிக்கட்டில் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்ததாகப் படித்தேன். உலகப் புகழ்பெற்ற மருத்துவமனையில் செய்தும் ஏன் திரும்பத் திரும்ப? காலில் எலும்பு முறிந்தவர்களே சில மாதங்களில் ஆட வந்துவிடுகிறார்களே, மணிக்கட்டில் அப்படி என்ன சிக்கல்? என் அண்ணன் மகனும் டென்னிஸ் ஆடுகிறான், அவனுக்கும் சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டில் வலி இருக்கிறது, அதனால்தான் கேட்கிறேன்.

நான் விளையாட்டுக் காயங்களுக்குப் பிந்தைய பயிற்சிச் சிகிச்சையில், அதுவும் கை சம்பந்தப்பட்டவற்றில் பல வருடங்களாக வேலை செய்கிறேன். டெல் போட்ரோவின் ஆட்டத்தை அவர் பதின்ம வயதில் இருந்தபோதே பார்க்கத் தொடங்கியவன். அதனால் இது கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான்கும் ஒரே மணிக்கட்டில் நடந்தவை அல்ல. வலது மணிக்கட்டில் ஒன்று, 2010 மே மாதம். இடது மணிக்கட்டில் மூன்று: 2014 மார்ச், 2015 ஜனவரி, 2015 ஜூன். அவர் வலது கை ஆட்டக்காரர். சர்வும், வலது பக்கம் வரும் பந்தை அடிக்கும் அந்தப் பயங்கரமான ஃபோர்ஹேண்டும் வலது கையில்தான். இடது கை, மறுபக்கம் வரும் பந்தை அடிக்கும் பேக்ஹேண்டின்போது மட்டும் ராக்கெட்டில் வந்து சேர்ந்துகொள்கிற கை. ராக்கெட் பிடிக்கும் கை ஒரே அறுவை சிகிச்சையில் தேறியது. துணைக்கு வந்த கைதான் அவரை இரண்டு வருடம் வீட்டில் உட்கார வைத்தது. பலருக்கும் இது விநோதமாகத் தெரியும். ஆனால் மணிக்கட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்தால் புரிந்துவிடும்.

மணிக்கட்டை ஒரு மூட்டு என்று நினைக்கிறோம். உண்மையில் அது பல மூட்டுகளின் கூட்டம். முன்கையிலிருந்து கட்டைவிரல் பக்கம் ரேடியஸ், சுண்டுவிரல் பக்கம் அல்னா என்று இரண்டு எலும்புகள் வருகின்றன. உள்ளங்கைக்கும் அவற்றுக்கும் நடுவே கூழாங்கற்கள் மாதிரி எட்டு சின்ன எலும்புகள் இரண்டு வரிசையாக நிற்கின்றன. இந்த எட்டையும் தசைநார்கள்தான் ஒன்றோடொன்று பிணைத்து வைத்திருக்கின்றன. தொடையிலோ தோளிலோ இருப்பதுபோல மேலே மூடிப் பாதுகாக்கிற சதை இங்கே கிடையாது. தசைகள் எல்லாம் முன்கையிலேயே நின்றுவிடுகின்றன. மணிக்கட்டைக் கடந்து போவது அவற்றை எலும்போடு கட்டும் தசைநாண்கள் மட்டும்தான். வேகமாக வரும் பந்து ராக்கெட்டில் படுவது ஏறத்தாழ ஐந்து மில்லி விநாடி. அந்த அதிர்ச்சி இந்தச் சின்ன எலும்புகள் வழியாகவும் நார்கள் வழியாகவும்தான் கைக்குள் ஏறுகிறது.

இதில் சுண்டுவிரல் பக்கம்தான் டென்னிஸ் ஆடுபவர்களுக்குப் பெரிய தலைவலி. அங்கே அல்னா எலும்பின் நுனிக்கும் மணிக்கட்டு எலும்புகளுக்கும் நடுவில் முக்கோண வடிவில் ஒரு குருத்தெலும்புத் தகடும் அதைச் சுற்றித் தசைநார்களும் இருக்கின்றன. சாவியைத் திருப்புவதுபோல முன்கையைத் திருப்புகிறோமே, அப்போது இரண்டு எலும்புகளும் விலகிப் போகாமல் பிடித்து வைப்பது இதுதான். இதன் வெளி ஓரத்துக்கு மட்டும்தான் ரத்த ஓட்டம் உண்டு. நடுப்பகுதிக்கு ரத்தமே போவதில்லை. ஓரத்தில் கிழிந்தால் தைத்துச் சேர்க்கலாம். நடுவில் கிழிந்தால் அது தானாகச் சேராது. பிய்ந்து தொங்குவதைச் சீவி எடுத்துவிடத்தான் முடியும். எலும்பு முறிவோடு நீங்கள் ஒப்பிட்டதற்கு இதுதான் பதில். எலும்புக்கு நல்ல ரத்த ஓட்டம் உண்டு, அது எலும்பாகவே திரும்ப வளரும். தசைநாரும் தசைநாணும் தழும்புத் திசுவாகத்தான் ஆறும். அந்தத் தழும்பு பழைய வலுவுக்குப் பக்கத்தில் வர மாதக்கணக்கில் ஆகும்.

அதே பக்கத்தில், புறங்கைப் பக்கமாக, ஒரு முக்கியமான தசைநாண் ஓடுகிறது. மணிக்கட்டைப் பின்னுக்கு வளைப்பதும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ப்பதும் அதன் வேலை. அல்னா எலும்பின் நுனியில் ஒரு பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்துக்குள் ஓர் உறை இந்தத் தசைநாணை அழுத்திப் பிடித்திருக்கிறது. பாவாடை மடிப்புக்குள் நாடா ஓடுவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். மடிப்பின் தையல் விட்டால் நாடா வெளியே துருத்திக்கொண்டு வரும் இல்லையா, அதுபோல உறை கிழிந்தால் முன்கையைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் தசைநாண் பள்ளத்தை விட்டு வெளியே எகிறி, திரும்ப உள்ளே விழும். சிலருக்கு அந்தச் சத்தமே கேட்கும். உரசி உரசி நாணும் வீங்கும், நைந்து போகும்.

இந்த உறைக்கு எப்போது அதிகச் சிரமம்? உள்ளங்கை மேல் பார்க்கத் திரும்பி, மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, கொஞ்சம் மடங்கியும் இருக்கும்போது. வலது கை ஆட்டக்காரர் இரண்டு கை பேக்ஹேண்டில் ராக்கெட்டின் தலையைக் கீழே இறக்கி, பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின் ஏற்றும்போது இடது மணிக்கட்டு ஏறக்குறைய இந்த நிலைக்குத்தான் போகிறது. இப்போது புரிந்திருக்கும், ராக்கெட்டை முழுநேரமும் பிடிக்காத கை ஏன் கெடுகிறது என்று. ஒரு பயிற்சி நாளில் நூற்றுக்கணக்கான பேக்ஹேண்ட் அடிக்கிறவர்களின் இடது மணிக்கட்டு ஒவ்வொரு அடியிலும் அந்தச் சிரமமான நிலைக்குத்தான் போகிறது.

சரி, டெல் போட்ரோ கதைக்கு வருவோம். அர்ஜென்டினாவின் டாண்டில் ஊர்க்காரர். 1.98 மீட்டர் உயரம். 2009 அமெரிக்க ஓபனில் அரையிறுதியில் நடாலை 6-2, 6-2, 6-2 என்று நொறுக்கி, இறுதியில் ஃபெடரரை ஐந்து செட்டில் வென்றார். அப்போது அவருக்கு இருபது வயது. அடுத்த ஜனவரியில் உலகத் தரவரிசையில் நான்காம் இடம். அந்த ஜனவரியிலேயே வலது மணிக்கட்டில் வலி. ஆஸ்திரேலிய ஓபனில் மாரின் சிலிச்சிடம் ஐந்து செட்டில் தோற்றார். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஓய்வும் மருந்தும் சிகிச்சையுமாகப் போனது, பயன் இல்லை. மே மாதம் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ராச்செஸ்டரில் உள்ள மாயோ கிளினிக்கில், டாக்டர் ரிச்சர்ட் பெர்கர் அறுவை சிகிச்சை செய்தார்.

இந்தப் பெர்கரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் உங்கள் அண்ணன் மகனுக்கும் இது உதவும். சுண்டுவிரல் பக்க மணிக்கட்டு வலி என்பது நீண்ட காலமாக மருத்துவர்களைத் திணறடித்த ஒன்று. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும், எம்ஆர்ஐ-யிலும் பல நேரம் ஒன்றும் தெரியாது, ஆனால் ஆட்டக்காரர் வலிக்கிறது என்பார். அல்னாவிலிருந்து மணிக்கட்டு எலும்பு ஒன்றுக்குப் போகும் ஒரு தசைநார், குறுக்கே அறுந்து போகாமல், நீளவாக்கில் பிளந்து கொள்வதும் இதற்கு ஒரு காரணம் என்று பெர்கர் விளக்கினார். குறுக்கே அறுந்தால் மூட்டு ஆடும், கையால் தொட்டே கண்டுபிடிக்கலாம். நீளவாக்கில் பிளந்தால் மூட்டு உறுதியாகவே நிற்கும், வலி மட்டும் இருக்கும். அதனால்தான் பலருக்கு வருடக்கணக்கில் அது பிடிபடாமலே போனது. அல்னா எலும்பின் முனைக்கும் அதன் பக்கத்தில் உள்ளங்கைப் பக்கமாக ஓடும் தசைநாணுக்கும் நடுவில் இருக்கும் சின்னக் குழியில் விரல் நுனியால் அழுத்தினால், அதே பழகிய வலி சுரீரென்று வருகிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனையை 2007-இல் அவரும் சகாக்களும் ஆய்வாக வெளியிட்டார்கள். எந்த இயந்திரமும் தேவையில்லை, ஒரு விரல் போதும். உள்ளே காயம் இருப்பவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேற்பட்டவர்களை அது காட்டிக்கொடுத்தது. என் துறையில் வந்த மிக அழகான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று அதை நான் மதிக்கிறேன்.

அமெரிக்க பேஸ்பால் வீரர் ஜேசன் வெர்த் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2005-இல் பந்து பட்டு மணிக்கட்டு உடைந்தது. எலும்பு கூடிய பிறகும் வலி போகவில்லை, 2006 சீசன் முழுவதும் அவரால் ஆட முடியவில்லை. ஆட்டமே முடிந்தது என்று நினைத்த நிலையில்தான் பெர்கரிடம் போனார். அவர் கண்டுபிடித்தது இந்த நீளவாக்குப் பிளவைத்தான். சரிசெய்த பிறகு வெர்த் 2008-இல் பிலடெல்பியா அணியோடு உலகத் தொடரை வென்றார். சரியான இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் காயத்தில் பாதி வேலை. தவறான இடத்தில் எவ்வளவு அருமையாக அறுவை சிகிச்சை செய்தாலும் வலி அப்படியேதான் இருக்கும்.

டெல் போட்ரோவின் வலது கைக்கு வருகிறேன். அறுவை சிகிச்சை முடிந்து ஐந்து மாதம் போல ஆனதும் பாங்காக்கிலும் டோக்கியோவிலும் ஆடிப் பார்த்தார். இரண்டிலும் முதல் சுற்றிலேயே தோல்வி. 2011 ஜனவரி முடிவில் தரவரிசையில் 400-க்கும் கீழே. ஆனால் அந்த வருட முடிவில் 11-ஆம் இடம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில், ஃபெடரரிடம் மூன்றாவது செட்டை 19-17 என்று இழந்த அந்த நாலரை மணிநேர அரையிறுதிக்குப் பிறகு, ஜோகோவிச்சை வென்று வெண்கலம். வலது கை சரியாகிவிட்டது. ஆனால் ஃபோர்ஹேண்ட் முழு வேகத்துக்கு வர ஏறத்தாழ ஒரு வருடம் ஆனது என்பதைக் கவனியுங்கள். நல்லபடியாக முடிந்த அறுவை சிகிச்சைக்கே அவ்வளவு காலம்.

இடது கை பிரச்சினை 2014 பிப்ரவரியில் வெளிப்படையாக வெடித்தது. துபாயில் முதல் சுற்றில் அவரோடு ஆடியவர் நம் சோம்தேவ் தேவ்வர்மன், சென்னையில் வளர்ந்து ஆடியவர். முதல் செட்டை, 6-6 சமநிலையில் ஆடும் டை பிரேக்கரில் சோம்தேவ் எடுத்ததும் டெல் போட்ரோ விலகிக்கொண்டார். அடுத்த மாதம் இடது மணிக்கட்டில் முதல் அறுவை சிகிச்சை. அந்த வருடம் திரும்ப ஆடவே இல்லை.

2015 ஜனவரியில் சிட்னியில் திரும்பினார், இரண்டு ஆட்டம் ஜெயித்தார், மூன்றாவதில் தோற்றார். வலி திரும்பி வந்தது. ஆஸ்திரேலிய ஓபனிலிருந்து விலகி, நேராக இரண்டாவது அறுவை சிகிச்சைக்குப் போனார். மார்ச்சில் மயாமியில் ஒரே ஓர் ஆட்டம், வாசெக் போஸ்பிசிலிடம் தோல்வி. ஜூனில் மூன்றாவது அறுவை சிகிச்சை. அந்த வருடம் முழுவதும் அவர் ஆடியது மொத்தம் நான்கே ஆட்டங்கள். ராக்கெட்டைக் கீழே வைத்துவிடலாம் என்ற நிலைக்கு அந்தக் காலத்தில் போய்விட்டதாக அவரே பின்னால் பலமுறை சொல்லியிருக்கிறார்.

ஏன் திரும்பத் திரும்ப என்று கேட்டீர்கள். ஒரு மணிக்கட்டை மூன்றாவது முறை திறக்க வேண்டி வந்தால் முதல் அறுவை சிகிச்சை மோசமாக நடந்தது என்று பொருளில்லை. இந்தப் பகுதியில் இது நடக்கக் காரணங்கள் நிறைய. ஓர் இடத்தைச் சரிசெய்த பிறகுதான் பக்கத்தில் இன்னோர் இடமும் பழுதாக இருப்பது தெரியவரும். குருத்தெலும்புத் தகடும் தசைநாண் உறையும் ஒன்றையொன்று ஒட்டியே இருப்பதால் இரண்டும் சேர்ந்தே கெடுவது சகஜம். தழும்புத் திசு தசைநாணோடு ஒட்டிக்கொண்டால் அசைவு தடைபடும், அதை விடுவிக்க இன்னொரு முறை திறக்க வேண்டிவரும். சுண்டுவிரலுக்கு உணர்ச்சி தரும் நரம்புக் கிளை ஒன்று அறுவை சிகிச்சை செய்யும் இடத்துக்கு மிகப் பக்கத்தில் போகிறது; அது தழும்பில் சிக்கினால் எரிச்சல் போன்ற வலி தரும்.

அப்புறம் எலும்பின் நீளம். பிறவியிலேயே சிலருக்கு அல்னா எலும்பு ரேடியஸைவிட ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நீளமாக இருக்கும். இரண்டும் சமமாக இருந்தால் மணிக்கட்டின் பாரத்தில் 82 சதவீதம் ரேடியஸிலும் 18 சதவீதம் அல்னாவிலும் இறங்கும். அல்னா இரண்டரை மில்லிமீட்டர் நீண்டால் அதன் பங்கு 42 சதவீதமாக ஏறிவிடுகிறது. இரண்டரை மில்லிமீட்டர் என்பது ஓர் அரிசியின் அரை நீளம்கூட இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குக் கிழிசலை மட்டும் தைத்தால் அது மறுபடி நசுங்கும். அல்னா எலும்பையே அறுத்துக் குட்டையாக்கித் தகடு வைத்துத் திருக வேண்டியிருக்கும். எலும்பு கூடும் காலமும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

இன்னொரு காரணம், என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் பார்ப்பது, திரும்பி வரும் விதம். தையல் ஆறிய மணிக்கட்டும் போட்டி ஆடத் தயாரான மணிக்கட்டும் ஒன்றல்ல. இந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று விவரமாகச் சொல்கிறேன்.

ஓரக் கிழிசலைத் தைத்த ஒருவருக்கு வழக்கமாக முதல் ஆறு வாரம் கட்டு. அதுவும் மணிக்கட்டுக்கு மட்டும் போட்டால் போதாது. முன்கை திரும்பக்கூடாது என்பதால் முழங்கையையும் சேர்த்துப் பிடிக்கிற கட்டு அல்லது ஸ்ப்ளிண்ட். அந்த ஆறு வாரத்தில் முன்கைத் தசை கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இளைத்துவிடும். விளையாட்டு வீரர்கள் கட்டைப் பிரித்ததும் முதலில் அதிர்ச்சியடைவது இதைப் பார்த்துத்தான். விரல்களை முதல் நாளிலிருந்தே அசைக்கச் சொல்வோம், இல்லாவிட்டால் அவையும் விறைத்துப் போகும். கட்டைப் பிரித்த பிறகு கையைத் திருப்பும் அசைவை மெல்ல மெல்லத் திரும்பக் கொண்டுவர வேண்டும். யாராவது கையைப் பிடித்துத் திருக்கினால் தையல் பிய்ந்துவிடும். நோயாளி தானாக, வலிக்கு முன்னாலேயே நிறுத்திச் செய்ய வேண்டும். மூன்றாம் மாதம் போலத்தான் எடை. பிடிவலுவை ஒரு கருவியால் அளப்போம். மறு கையின் பிடிவலுவோடு ஒப்பிட்டு நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு வரும் வரை பந்து அடிக்க அனுமதிப்பதில்லை.

பந்து என்று வந்தாலும் முதலில் ஸ்பாஞ்ச் பந்து, பிறகு சிறுவர்கள் ஆடும் அழுத்தம் குறைந்த பந்து, கடைசியில்தான் வழக்கமான பந்து. அடிகளிலும் வரிசை உண்டு. இடது மணிக்கட்டுக் காயம் உள்ள வலது கைக்காரருக்கு ஃபோர்ஹேண்டும் சர்வும் முதலிலேயே வந்துவிடும். பந்தின் அடியைச் சீவி அடிக்கும் ஒரு கை ஸ்லைஸ் அடுத்து. இரண்டு கை டாப்ஸ்பின் பேக்ஹேண்ட்தான் கடைசி. எத்தனை அடி என்பதை எண்ணிக் கொடுப்போம். அடித்த நாளின் வலியைவிட மறுநாள் காலை வலிதான் முக்கியம். மறுநாள் வீங்கியிருந்தால் ஒரு படி இறங்க வேண்டும்.

இப்படி ஐந்தாறு மாதத்தில் பயிற்சிக்கு வரலாம். போட்டி வேறு. பயிற்சியில் பந்து எங்கே வரும் என்று தெரியும். போட்டியில் எட்டாத பந்துக்கு நீட்டி, உடம்பு பேலன்ஸ் தவறிய நிலையில் மணிக்கட்டால் மட்டும் அடிக்க வேண்டிவரும். தழும்பு அந்த ஓர் அடியில் கிழியலாம். இதில் தரவரிசையும் ஒரு நெருக்கடி. நீண்ட காலம் காயத்தில் இருப்பவருக்குப் பழைய தரவரிசையை வைத்துக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளில் நுழையும் சலுகையை ஆண்கள் டென்னிஸ் சங்கம் தருகிறது. ஆனால் அதற்குக் காலவரம்பு உண்டு, முன்னணி வீரர்கள் ஆரம்பச் சுற்றுகளிலேயே மோதாமல் பிரித்து வைக்கும் சீடிங்கும் கிடைக்காது. புள்ளிகள் வாராவாரம் கரையும். கைக்கு இன்னும் மூன்று மாதம் வேண்டும் என்று பிசியோ சொல்லும்போது வீரரின் காதில் விழுவது அந்த நாள்காட்டிதான். 2015-இல் டெல் போட்ரோ இரண்டு முறை வந்து இரண்டு முறை திரும்பிப் போனதை நான் இந்தக் கண்ணோட்டத்தில்தான் பார்க்கிறேன்.

2016 பிப்ரவரியில் ஃபுளோரிடாவின் டெல்ரே பீச்சில் அவர் திரும்பி வந்தபோது தரவரிசை ஆயிரத்துக்கும் கீழே. அந்த வாரத்தில் பார்த்ததுதான் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது. பழைய இரண்டு கை பேக்ஹேண்ட் ஏறக்குறைய இல்லை. பேக்ஹேண்ட் பக்கம் வரும் பந்துகளை ஒரு கையால் ஸ்லைஸ் செய்து கீழே தாழ்த்தி அனுப்பினார். எதிராளி அதைத் தூக்கிக் கொடுத்தால் சுற்றி ஓடிப்போய் ஃபோர்ஹேண்டில் அடித்தார். இடது மணிக்கட்டு தாங்கக்கூடியதை மட்டும் அதனிடம் கேட்டார். ஒரு கிராண்ட் ஸ்லாம் சாம்பியன், தன் ஆட்டத்தின் ஒரு பக்கமே இல்லாமல், அதை உலகம் முழுவதும் பார்க்கத் தெரிந்தே மைதானத்துக்கு வந்தார். எதிராளிகள் எல்லாரும் அந்தப் பக்கத்தையே குறிவைத்தார்கள். அதையும் தாங்கிக்கொண்டார். அந்த முதல் போட்டியிலேயே அரையிறுதி வரை போனார்.

அந்த வருடம் விம்பிள்டனில் வாவ்ரிங்காவை வீழ்த்தினார். ஆகஸ்டில் ரியோ ஒலிம்பிக்கில் தரவரிசை 141-ஆக இருந்தவர், முதல் சுற்றிலேயே உலகின் முதல்நிலை வீரர் ஜோகோவிச்சை இரண்டு டை பிரேக்கர்களில் வென்றார். அரையிறுதியில் எதிரே நடால். நடாலும் அந்த வருடம் இடது மணிக்கட்டுத் தசைநாண் உறைக் காயத்தால் பிரெஞ்சு ஓபனிலிருந்து நடுவில் விலகி, விம்பிள்டனும் ஆடாமல் வந்தவர். இரண்டு மணிக்கட்டுகள் திரும்பி வந்து மோதிக்கொண்ட ஆட்டம் அது. மூன்றாவது செட் டை பிரேக்கரில் டெல் போட்ரோ வென்றார். இறுதியில் ஆண்டி மர்ரேயிடம் தோற்று வெள்ளி. நவம்பரில் ஸாக்ரெபில், நாடுகள் மோதும் டேவிஸ் கோப்பை இறுதி. சிலிச்சிடம் இரண்டு செட் பின்தங்கி, பிறகு மூன்றையும் வென்றார். அந்த ஆட்டத்தில் இடது கைச் சுண்டுவிரல் வேறு முறிந்தது. கடைசி ஆட்டத்தில் சக வீரர் டெல்போனிஸ் வெல்ல, அர்ஜென்டினாவுக்கு முதல் டேவிஸ் கோப்பை.

இரண்டு கை பேக்ஹேண்ட் உடனே வந்துவிடவில்லை. 2016-இல் அங்கொன்றும் இங்கொன்றுமாக, 2017-இல் இன்னும் கொஞ்சம், 2018-இல்தான் அவர் நம்பி அடிக்கிற அடியாக ஆனது. அந்த வருடம் இந்தியன் வெல்ஸ் இறுதியில், ஒரு புள்ளி போனால் ஆட்டமே போகும் மேட்ச் பாயிண்டுகள் மூன்றைக் காப்பாற்றி ஃபெடரரை வென்றார். ஆகஸ்டில் உலகத் தரவரிசையில் மூன்றாம் இடம், அவர் தொட்ட உச்சம் அதுதான். அமெரிக்க ஓபன் இறுதி வரை போனார். கடைசி அறுவை சிகிச்சையிலிருந்து கணக்குப் போட்டால் மூன்று வருடம். பிறகு அவர் ஆட்டத்தை முடித்தது மணிக்கட்டு இல்லை. 2018 அக்டோபரில் ஷாங்காயில் விழுந்து வலது முழங்கால் சில்லு உடைந்தது, அடுத்த வருடம் அதே சில்லு மறுபடி. அந்தக் கதை வேறு, இதைவிடக் கொடுமையானது.

அப்படியானால் அறுவை சிகிச்சையைத் தவிர்ப்பது நல்லதா என்று அடுத்து கேட்பீர்கள். ஆஸ்திரியாவின் டொமினிக் தீமைப் பாருங்கள். 2020 அமெரிக்க ஓபன் சாம்பியன். 2021 ஜூனில் மயோர்க்காவில் ஒரு ஃபோர்ஹேண்ட் அடித்தபோது வலது மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கம் உறை பிய்ந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று முடிவெடுத்து ஸ்ப்ளிண்டும் பயிற்சியுமாகப் போனார். அது தவறான முடிவு இல்லை. இந்த உறைக் காயம் பலருக்கு அசையாமல் வைத்தாலே ஆறிவிடுகிறது. 2022 மார்ச்சில் திரும்பினார். ஆனால் அவருடைய ஆட்டத்தின் உயிரே கனமாகச் சுழலும் அந்த ஃபோர்ஹேண்ட்தான். டெல் போட்ரோவுக்கு ஸ்லைஸ் இருந்தது மாதிரி, ஒதுங்கி நிற்க தீமுக்கு வேறு இடம் கிடையாது. பழைய வேகம் வரவேயில்லை. 2024 அக்டோபரில் வியன்னாவில் சொந்த மக்கள் முன்னால் விடைபெற்றார், வயது 31. காயம் எந்தத் திசுவில் என்பதைப் போலவே, அது அந்த வீரரின் எந்த அடியைப் பறிக்கிறது என்பதும் அவர் எதிர்காலத்தைத் தீர்மானிக்கிறது.

இனி உங்கள் அண்ணன் மகன். நேரில் பார்க்காமல் அவனுக்கு என்ன என்று நான் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் சில விஷயங்களை நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். இந்த வலியோடு தொடர்ந்து ஆட விடாதீர்கள். கிரீம் தடவி, பட்டை சுற்றி ஒரு போட்டியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்பதுதான் சின்ன விரிசலைப் பெரிதாக்குகிறது. பொதுவான எலும்பு மருத்துவரிடம் போவதைவிடக் கை அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்றவரிடம் காட்டுங்கள். சென்னையில் ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே பல பத்தாண்டுகளாகத் தனித்துறை இருக்கிறது. கோயம்புத்தூர் கங்கா மருத்துவமனையும் கை அறுவை சிகிச்சைக்குப் பெயர் பெற்றது. எம்ஆர்ஐ சுத்தமாக வந்துவிட்டது என்பதற்காக வலியைக் கற்பனை என்று யாராவது சொன்னால் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள். மூட்டுக்குள் சின்னக் கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோபியில்தான் பல கிழிசல்கள் உறுதியாகத் தெரிகின்றன.

அறுவை சிகிச்சை என்று முடிவானால், மருத்துவரிடம் எந்தத் திசு, ஓரமா நடுவா, தைக்கப் போகிறீர்களா சீவப் போகிறீர்களா, அல்னா எலும்பு நீளமாக இருக்கிறதா என்று கேளுங்கள். சீவி எடுப்பவருக்குக் கட்டு சில நாள்தான், தைப்பவருக்கு ஆறு வாரம். இரண்டுக்கும் திரும்பும் காலம் வெவ்வேறு, அதனால் வேறொருவர் மூன்று மாதத்தில் ஆட வந்தார் என்பதை வைத்து இவனை அவசரப்படுத்த வேண்டாம். பிசியோவை அறுவை சிகிச்சைக்கு முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், கையோடு வேலை செய்து பழகியவராகப் பாருங்கள். பள்ளியில் தேர்வு எழுதும் கை அதுவாக இருந்தால் தேதியை அதற்குத் தகுந்த மாதிரி வையுங்கள்.

அந்த மாதங்களில் அவனை மைதானத்திலிருந்து முழுக்க விலக்கியும் வைக்காதீர்கள். கட்டு போட்ட காலத்திலும் கால்களுக்கு, இடுப்புக்கு, தோளுக்குப் பயிற்சி செய்யலாம். இடது மணிக்கட்டாக இருந்தால், மருத்துவர் அனுமதித்த பிறகு ஒரு கை ஸ்லைஸை இந்த நேரத்தில் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். பயிற்சியாளரும் பிசியோவும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்று நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள். இன்று எத்தனை பந்து என்ற எண் இருவருக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். காயத்துக்கு முன் எந்தப் பிடியில் பேக்ஹேண்ட் அடித்தான், இடது மணிக்கட்டு எவ்வளவு கீழே இறங்குகிறது என்று பழைய வீடியோ இருந்தால் எடுத்து வையுங்கள். பிடியைக் கொஞ்சம் மாற்றினாலே அந்த ஓரத்தில் விழும் இழுப்பு குறையும். அதை மாற்றாமல் பழைய அடிக்கே திரும்பினால், தைத்த இடத்தில் அதே இழுப்புதான் மறுபடி விழும்.